போனும் எடுப்போம், ஐசியும் எடுப்போம்: ஆங்கில ‘டேக்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் சாதாரண தரத்துக்குப் படிப்பவர்கள், நேர்முகத்துக்கு ஆயத்தம் செய்பவர்கள், கூட்டங்களில் மொழிபெயர்க்கப் போகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு வினைச்சொல் ‘டேக்’. நம் பக்க வழக்கப்படி ‘ரேக்’ என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அதை ‘ரதம்’ என்ற சொல்லின் ரகரமாக யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதால் இங்கே டகரம். ஆங்கில வசனங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன, வாய்விட்டு வாசியுங்கள்.

‘டேக்’ என்றால் ‘எடு’தானே? பிறகு ஏன் அகராதியில் பக்கக் கணக்கில் பொருள் கிடக்கிறது?

முதல் பொருள் ‘எடு’தான். கை நீளுகிறது, பொருள் நம் வசமாகிறது. அதிலிருந்து இரண்டு கிளை பிரிகிறது. ஒன்று, வசமானதை வேறு இடத்துக்கு நகர்த்துவது: கொண்டு போ, கூட்டிக்கொண்டு போ. மற்றது, வருவதை ஏற்றுக்கொள்வது: வாங்கு, தாங்கு, பொறு, கொள்ளளவு, தேவைப்படு. ஒரு சொல் அகராதியில் எத்தனை பொருளில் நின்றாலும், பெரும்பாலானவற்றை இந்த மூன்றில் ஒன்றோடு கட்டிவிடலாம்.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை. வடகடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழியில் ‘டாகா’ என்று இருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அதற்கு முன் ஆங்கிலேயர் ‘எடு’ என்பதற்கு ‘நிமன்’ என்றார்கள். வந்தது இருந்ததைத் துரத்திவிட்டது. குளிரில் கை விறைத்தால் சொல்கிற ‘நம்’ என்ற சொல் அந்தப் பழைய வினையின் எச்சம். உணர்வு ‘எடுபட்டு’ப் போன கை.

டேக், டுக், டேக்கன்: எங்கே எது?

இறந்தகாலம் ‘டுக்’. ‘புக்’ என்பதைப் போலக் குறில். ‘டூக்’ என்று இழுக்கக் கூடாது. ‘டேக்கன்’ தனியே நிற்காது, ‘ஹாவ்’ குடும்பமோ ‘பீ’ குடும்பமோ முன்னால் நிற்க வேண்டும். விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை மூன்று: ‘ஐ டிட் நாட் டுக்’ (டேக் என்று வரவேண்டும், இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது), ‘ஐ ஹாவ் டுக்’ (டேக்கன்), ‘ஐ டேக்கன்’ (டுக்). ‘மிஸ்டேக்’ வினையாக வந்தாலும் இதே வழிதான்: மிஸ்டுக், மிஸ்டேக்கன்.

எந்த இடங்களில் ‘எடு’வை அப்படியே ‘டேக்’ ஆக்கலாம்?

குறிப்பு எடு, லீவு எடு, நடவடிக்கை எடு, பொறுப்பு எடு, ரிஸ்க் எடு, கைரேகை எடு, வாக்குமூலம் எடு, அளவு எடு, மூச்சு எடு. இவை எல்லாம் தயக்கமின்றிப் போகும். முடிவு எடு என்பதற்கு ‘டேக் எ டிசிஷன்’ பிரித்தானிய வழக்கு, ‘மேக் எ டிசிஷன்’ எங்கும் செல்லும். பரீட்சையில் இரண்டாவதை எழுதுவது பாதுகாப்பு. கடன் எடு என்பதில் ஒரு ‘அவுட்’ சேரும்: ‘டேக் அவுட் எ லோன்’.

எந்த இடங்களில் ஆக்கக் கூடாது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. நம்முடைய ‘எடு’ ஆங்கில ‘டேக்’கைவிட அகலமானது. வெளியிலிருந்து ஒன்றைப் பெற்றாலும் எடு, உள்ளிருந்து ஒன்று கிளம்பினாலும் எடு.

பெறுவதற்கு ஆங்கிலத்தில் ‘கெட்’. ஒன்பது ஏ எடுத்தவளைப் பற்றி ‘ஷீ கொட் நைன் ஏஸ்’ என்று சொல்லவேண்டும். ‘ஷீ டுக் நைன் ஏஸ்’ என்றால் எங்கோ அடுக்கி வைத்திருந்த ஒன்பது ஏயைக் கையால் அள்ளிக்கொண்டு போன மாதிரி. அடையாள அட்டை (ஐசி), பாஸ்போட், லைசன்ஸ், விசா எல்லாமே ‘கெட்’. சம்பளம் எடுப்பதும் ‘கெட்’. வங்கியில் காசு எடுப்பது ‘வித்ட்ரோ’. தைப்பொங்கலுக்கு உடுப்பு எடுப்பது ‘பை’. கடையில் நின்று ‘ஐ டுக் எ ஷேர்ட்’ என்று சொன்னால் காசு கொடுத்தீர்களா என்ற சந்தேகம் வரும்.

உள்ளிருந்து கிளம்புவதற்கு ‘டேக்’ வரவே வராது. பசி எடுக்குது: ‘ஐ ஆம் ஹங்ரி’. தாகம் எடுக்குது: ‘ஐ ஆம் தேர்ஸ்டி’. சத்தி எடுத்தான்: ‘ஹீ வொமிட்டட்’. முயற்சி எடு என்பதில் வினை ‘மேக்’. பெயரெடு என்பதிலும் ‘மேக்’.

வகுப்பு எடுப்பது தனிக் கண்ணி. ‘சேர் வகுப்பு எடுக்கிறார்’ என்றால் நமக்கு அவர் படிப்பிக்கிறார். ஆங்கிலத்தில் ‘ஐ டேக் இங்கிலிஷ் கிளாசஸ்’ என்று ஒருவர் எழுதினால் அவர் படிக்கப் போகிறார் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ‘ஹீ டேக்ஸ் அஸ் ஃபோர் இங்கிலிஷ்’ என்று மாணவர் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிற பிரித்தானிய வழக்கு உண்டு என்றாலும், வேலை விண்ணப்பத்தில் அதை நம்பிப் போகாதீர்கள். மூன்று வருடம் ரியூசன் கொடுத்தவர் ‘ஐ டுக் டியூஷன்’ என்று எழுதினால், மூன்று வருடம் ரியூசனுக்குப் போனவராகிவிடுவார். ‘டோட்’ (படிப்பித்தேன்) என்று எழுதுங்கள்.

‘பிறகு கோல் எடுக்கிறன்’ என்பதை எப்படிச் சொல்வது?

‘ஐ வில் கோல் யூ லேட்டர்’. அவ்வளவுதான். ‘ஐ வில் டேக் எ கோல்’ என்று இலங்கையில் பரவலாகச் சொல்கிறார்கள், கொழும்பிலும் விளங்கிக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது தலைகீழாகப் போகும். அவர்களுக்கு ‘டேக் எ கோல்’ என்றால் வருகிற அழைப்பை ஏற்றுப் பேசுவது. நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அவர் காத்திருக்க மாட்டார்; உங்களுக்கு வேறெங்கோ இருந்து அழைப்பு வருகிறது என்று நினைப்பார். ‘ஐ வில் கோல் டு யூ’ என்பதும் பிழை. நடுவில் ‘டு’ வேண்டாம். மணி அடிக்கிற போனை எடு என்பதற்கு ‘ஆன்ஸர்’ அல்லது ‘பிக் அப்’.

கொண்டு போ, கூட்டிக்கொண்டு போ, கொண்டு வா: ‘டேக்’கும் ‘பிரிங்’கும் எப்போது?

நாம் பொருளையும் ஆளையும் பிரிக்கிறோம். குடையைக் கொண்டு போவோம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவோம். ஆங்கிலம் அதைப் பிரிப்பதில்லை: ‘டேக் த அம்ப்ரெல்லா’, ‘டேக் அம்மா டு த ஹாஸ்பிட்டல்’. நோயாளி, பை, கிளினிக் கொப்பி மூன்றுக்கும் ஒரே வினை.

ஆங்கிலம் பிரிப்பது திசையை. பேச்சு நடக்கும் இடத்தை விட்டு விலகினால் ‘டேக்’, அதை நோக்கி வந்தால் ‘பிரிங்’. நம் போ, வாவின் கணக்கும் அநேகமாக இதுதான் என்பதால் கொண்டு போ என்றால் டேக், கொண்டு வா என்றால் பிரிங் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகும்போதுதான் இடறும். மல்லாவியில் இருந்துகொண்டு கிளிநொச்சியில் இருக்கும் அதிகாரியிடம் போனில் ‘நாளைக்குக் கடிதத்தைக் கொண்டு போறன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கொண்டு வாறன்’ என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்திலும் அங்கே ‘ஐ வில் பிரிங் த லெட்டர்’. வீட்டுக்காரரிடம் அதே செய்தியைச் சொல்லும்போது ‘ஐ வில் டேக் த லெட்டர் டு கிளிநொச்சி’.

போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்கு ‘ஃபெட்ச்’ என்று தனிச்சொல் உண்டு. கிணற்றில் தண்ணீர் அள்ளி வருவது அந்த வகை.

‘இட் டேக்ஸ்’ என்று தொடங்கும் வசனங்களை எப்படிக் கட்டுவது?

அச்சு இது: ‘இட் டேக்ஸ்’, பிறகு (வேண்டுமானால்) ஆள், பிறகு நேரம், பிறகு ‘டு’ சேர்ந்த வினை. ‘இட் டேக்ஸ் மீ டூ அவர்ஸ் டு கெட் டு வவுனியா’: வவுனியாவுக்குப் போக எனக்கு இரண்டு மணித்தியாலம் செல்லும். ‘எனக்கு’ என்று சொல்வதால் ‘மீ’ வருகிறது. ‘ஃபோர் மீ’ வேண்டாம். நேர்முகங்களில் ‘ஐ டேக் டூ அவர்ஸ்’ என்று தொடங்குகிறவர்கள் அதிகம். அது முழுப்பிழை இல்லை, ஆனால் வீதியும் பஸ்ஸும் எடுக்கிற நேரத்தை நீங்கள் வேண்டுமென்றே எடுப்பதுபோல ஒலிக்கும். கேள்வி கேட்க: ‘ஹவ் லாங் டஸ் இட் டேக்?’ இதை ‘ஹவ் மச் டைம் இட் இஸ் டேக்கிங்?’ என்று திருப்பாதீர்கள்.

நிகழ்ச்சியின் நீளத்துக்கு ‘லாஸ்ட்’: சோதனை மூன்று மணித்தியாலம் நடக்கும் என்பது ‘லாஸ்ட்ஸ் த்ரீ அவர்ஸ்’. நீங்கள் விடை எழுதி முடிக்கச் சென்ற நேரம்தான் ‘டுக்’.

இதே வழியில் பொருளின் தேவையும் கொள்ளளவும் வரும். டோர்ச்சுக்கு இரண்டு பற்றரி வேணும்: ‘த டோர்ச் டேக்ஸ் டூ பாட்டரீஸ்’. வானில் பதினாலு பேர் போகலாம்: ‘த வான் டேக்ஸ் ஃபோர்ட்டீன்’. கடையில் கார்ட் எடுக்க மாட்டினம்: ‘தே டோன்ட் டேக் கார்ட்ஸ்’. இனித் தாங்கேலாது: ‘ஐ கான்ட் டேக் இட் எனிமோர்’.

பஸ் ‘பிடிக்கிறோம்’. அது டேக்கா, காச்சா?

இரண்டும். ‘டேக் த பஸ்’ என்றால் பயணத்துக்கு பஸ்ஸைத் தெரிவு செய்வது. ‘காச் த பஸ்’ என்பதில் நேரத்துக்குப் போய்ச் சேருகிற அவசரம் ஒட்டியிருக்கிறது, விட்டால் ‘மிஸ்’. ஏறுவது ‘கெட் ஆன்’. வழி சொல்லவும் ‘டேக்’: வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே வடக்கே வருபவரிடம் ‘அட் மாங்குளம், டேக் த ரைட் டேர்ன் ஃபோர் முல்லைத்தீவு’. முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்குகிற இடைவெளி ‘டேக் எ பிரேக்’.

‘டேக் ஓவர்’, ‘ஓவர்டேக்’ ஒன்றா?

இல்லை. பஸ் லொறியை முந்தினால் ‘ஓவர்டேக்’. தகப்பனின் கடையை மகன் பொறுப்பேற்றால் ‘டேக் ஓவர்’. ஏ9இல் நடப்பது முதலாவது.

மருந்து குடிக்கிறோம், குளிசை போடுகிறோம். ஆங்கிலத்தில்?

எல்லாமே ‘டேக்’. பாணி மருந்தானாலும் குளிசையானாலும் ‘டிரிங்க்’, ‘ஈட்’ வேண்டாம். உறையில் இருக்கும் எழுத்தை வாசிக்கும்போது இரண்டு எண்ணையும் பிரித்துப் பாருங்கள். ‘டேக் டூ டேப்லெட்ஸ் த்ரீ டைம்ஸ் எ டே’ என்றால் ஒரு வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் ஆறு. இரண்டை மூன்று வேளைக்குப் பங்கிடுவதோ, மூன்றை இரண்டு வேளை போடுவதோ அல்ல. ‘ஆஃப்டர் மீல்ஸ்’ சாப்பாட்டுக்குப் பிறகு, ‘ஆன் அன் எம்டி ஸ்டமக்’ வெறுவயிற்றில்.

டாக்குத்தர் தரும் துண்டில் ‘பி, டி’ என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் நாளுக்கு இரண்டு வேளை, ‘டிடிஎஸ்’ என்றிருந்தால் மூன்று வேளை. அந்தக் கடைசி ‘எஸ்’ லத்தீன் சொல் ஒன்றின் முதலெழுத்து. ‘எடுக்கப்பட வேண்டியது’ என்பதுதான் அதன் பொருள். ஆக டாக்குத்தர்மாரின் துண்டிலும் ஒரு ‘டேக்’ ஒளிந்திருக்கிறது. கிறுக்கல் விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டாம், மருந்து தருபவரிடமே கேட்டு உறையில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

‘ஸ்டூடியோவில படம் எடுத்தன்’: ‘ஐ டுக் எ ஃபோட்டோ’ சரியா?

நீங்கள் கமராவைப் பிடித்திருந்தால் சரி. கதிரையில் இருந்து, நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னபடி உயர்த்தி, அவர் அமத்தும்வரை கண் வெட்டாமல் இருந்தவர் நீங்கள் என்றால் ‘ஐ ஹாட் மை ஃபோட்டோ டேக்கன்’. வேலையைச் செய்தவர் வேறு, செய்வித்தவர் நீங்கள். தமிழ் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை, ஆங்கிலம் விடாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததும் அப்படியே: ‘ஐ டுக் பிளட்’ என்றால் நீங்கள் தாதி. ‘ஐ ஹாட் மை பிளட் டேக்கன்’ என்றால் நோயாளி. பழகிவிட்டால் தலைமயிர் வெட்டுவது, பல் பிடுங்குவது என்று எல்லாவற்றுக்கும் இதே அச்சு உதவும்.

வாக்குமூலங்களை மொழிபெயர்க்கும்போது ‘டேக்கன்’ என்று போடலாமா?

கவனமாக. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் வெளிநாட்டவரிடம் பேசும்போது பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவருக்கு இந்தச் சொல் விளையாட்டில்லை.

‘பிடிச்சுக்கொண்டு போனவை’ என்று தாய் சொன்னால் ‘தே டுக் ஹிம் அவே’. ‘ஹீ வாஸ் டேக்கன்’ என்றால் பிடித்தவர் யார் என்பது வசனத்திலிருந்து விழுந்துவிடுகிறது. அவர் யார் என்று சொல்லியிருந்தால் மொழிபெயர்ப்பிலும் அவர் எழுவாயாக நிற்க வேண்டும். யாரென்று தெரியாது என்று தாயே சொன்னால்தான் செயப்பாட்டுவினை.

‘நாங்கள்தான் கையளிச்சனாங்கள்’ என்பது முற்றிலும் வேறு. 2009 மே மாதத்தில், போர் முடிந்தபோது, முல்லைத்தீவு வட்டுவாகலில் தம் உறவுகளை இராணுவத்திடம் தம் கையாலேயே ஒப்படைத்ததாகச் சொல்லும் குடும்பங்களின் வசனத்தில் வினை ‘ஹேண்டட் ஓவர்’. அதை ‘டேக்கன்’ ஆக்கினால், கொடுத்தவர்கள் இவர்கள், வாங்கியவர்கள் இன்னார் என்ற முழுச் சாட்சியமும் கரைந்து போகும். ‘காணாமல் போனவர்’ ‘மிஸ்ஸிங்’, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ ‘டிஸப்பியேர்ட்’. இவற்றையும் குழப்பக் கூடாது. அழகான ஆங்கிலம் இங்கே தேவையில்லை. தாய் எந்த வினையைச் சொன்னாரோ அந்த வினை வேண்டும்.

‘டேக்’கோடு ஒட்டி வரும் சின்னச் சொற்களை எப்படி நினைவில் வைப்பது?

மனப்பாடம் செய்து பலனில்லை, வேலையோடு சேர்த்துப் பிடியுங்கள். நீர்ப்பம்பி தண்ணீர் இழுக்கவில்லை: ‘டேக் த கவர் ஆஃப்’ (மூடியைக் கழற்று), ‘டேக் இட் அபார்ட்’ (பாகம் பாகமாகப் பிரி), ‘டேக் அவுட் த வோஷர்’ (வோஷரை வெளியே எடு), தேய்ந்திருந்தால் கடைக்குக் கொண்டுபோய் அளவு காட்டு, பொருந்தாததை வாங்கி வந்துவிட்டால் ‘டேக் இட் பாக்’ (திருப்பிக் கொண்டுபோய்க் கொடு). ஒரு பம்பியில் நாலு வினை முடிந்தது.

‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுகள் நடுவில்தான் வரும்: ‘டேக் இட் ஆஃப்’ சரி, ‘டேக் ஆஃப் இட்’ பிழை. ‘டேக் ஆஃப்டர்’ போன்ற சில இதற்கு அடங்காது. தேப்பனை உரிச்சு வச்சிருக்கிறான் என்பதற்கு ‘ஹீ டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்’. சுட்டு கடைசியில், ‘டேக்ஸ் ஆஃப்டர் ஹிம்’. மூத்த இரத்த உறவுக்குத்தான் இது. நண்பனைப் போல இருக்கிறான் என்பதற்குச் சொல்லக் கூடாது.

தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கினம் என்றால் ‘டேக்கிங் ஆன்’. தையற்காரரிடம் சட்டையை ஒடுக்கக் கொடுத்தால் ‘டேக் இன்’. அதே ‘டேக் இன்’ வீட்டில் ஒருவருக்கு இடம் கொடுப்பதும், ‘வாஸ் டேக்கன் இன்’ என்றால் ஏமாந்து போனதும்.

‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ என்று கேட்டால்?

இந்த இருக்கைக்கு ஆள் உண்டா என்று கேட்கிறார்கள். வெறுமையாக இருந்தால் ‘நோ’. இருக்கட்டும் என்று மரியாதைக்கு ‘யெஸ், யெஸ்’ என்றால் அவர் நின்றுகொண்டே வருவார். நேர்முகத்தில் ‘டேக் எ சீட்’ என்றால் உட்காருங்கள். கதிரையைத் தூக்க வேண்டாம். ‘டூ யூ டேக் சுகர்?’ என்பது தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்பது.

ஒட்டுக்கட்டின மாங்கன்று ‘பிடிச்சிட்டுது’. அதற்கும் ‘டேக்’ உண்டாமே?

உண்டு. ‘த கிராஃப்ட் ஹாஸ் டேக்கன்’. நட்ட தடி வேர்விட்டாலும் அப்படியே. பிடித்தது என்று நாமும், எடுத்தது என்று அவர்களும் சொல்கிறோம். பச்சைத் துளிர் ஒன்றுதான்.

பழகிப் பார்க்க ஒரு வசனம் தரமுடியுமா?

‘நேற்று அம்மாவுக்குப் போன் எடுத்து, ஐசி எடுக்க ரெண்டு கிழமை எடுக்கும் எண்டு சொன்னன்.’ மூன்று எடு இருக்கிறது. கீழே பார்க்காமல் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

‘யெஸ்டர்டே ஐ கோல்ட் மை மதர் அண்ட் டோல்ட் ஹேர் இட் வுட் டேக் டூ வீக்ஸ் டு கெட் மை ஐடி.’ ஒன்றுக்குத்தான் டேக் வந்தது.